வெள்ளிக்கிழமை மூன்றரை மணி

வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள். பீரோவை நகர்த்த வேண்டும், அதற்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். கீழ்த்தட்டில் துணிக்கு அடியில் விரித்திருந்த தாளை உருவிய பேத்தி, "தாத்தா, இதைப் பழைய பேப்பர்ல போட்டுடலாமா?" என்று கேட்டாள். அவர் கைநீட்டி வாங்கினார். பாச்சை உருண்டை வாசம் ஏறிய, பச்சை வெளுத்துப்போன அச்சுத்தாள். மக்களவை வினாப் பட்டியல். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அந்தக் கோடு அவர் போட்டதுதான்.

வெள்ளையடிக்கிற வேலை அன்று பிற்பகலுக்குத் தள்ளிப்போனது.

பேத்திக்கு முதலில் நிறத்தைத்தான் விளக்கினார். மக்களவையில் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்தப் பட்டியல் பச்சைத் தாளில் அச்சாகும். எழுத்தில் பதில் வந்தால் போதும் என்ற கேள்விகள் வெள்ளைத் தாளில். அவசரக் கேள்விக்கு இளஞ்சிவப்பு. டெல்லியில் எம்.பி.க்களிடம் உதவியாளராக இருந்தவர்கள் பத்தடி தள்ளி நின்றே நிறத்தைப் பார்த்து, இன்று யாருக்குச் சீட்டு விழுந்திருக்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சீட்டு என்றால் உண்மையிலேயே குலுக்கல்தான். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி இருபது. அவையில் ஐந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கிடையாது. வந்த நோட்டீஸ்களையெல்லாம் குலுக்கிப் போட்டுத்தான் வரிசை தீர்மானிப்பார்கள். அந்த இருபதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் ஐந்தாறு கேள்விகளுக்குத்தான் அமைச்சர் வாயால் பதில் வரும். மற்றவை அச்சிட்ட பதிலோடு சரி. ஏழாவது இடம் என்றால் கரைக்குப் பக்கத்தில் வந்த மாதிரி. வந்தும் வராது.

தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் அவருக்கு. தட்டச்சு ஹையர், சுருக்கெழுத்து இரண்டும் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது அந்தத் தொகுதி எம்.பி. டெல்லிக்கு அழைத்துப் போனார். ஊரே 'அண்ணாச்சி' என்று கூப்பிடும், இவரும் அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணாச்சி ஒருநாளும் அமைச்சராகவில்லை, கட்சியில் கொறடாவாகவும் ஆகவில்லை. அவையில் அவருக்குக் கடைசிக்கு முந்தைய வரிசை. பேச எழுந்தால் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரிய தலைவர்கள் பேசியது போக மிச்சம் இருக்கும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக நாடாளுமன்ற நூலகத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து படிப்பார். இப்படி உழைத்தவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியது மிகக் குறைவு. அது நமக்குத்தான் நஷ்டம்.

சவுத் அவென்யூ வீட்டின் முன்னறையில் எந்நேரமும் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். எய்ம்ஸுக்கு வந்த நோயாளி, நேர்முகத் தேர்வுக்கு வந்த பையன், ரயில் தவறவிட்ட குடும்பம். அந்தக் காலத்தில் எரிவாயு இணைப்புக்கும் தொலைபேசிக்கும் எம்.பி.க்குக் கோட்டா உண்டு. வருகிற தபாலில் முக்கால்வாசி அதற்கான மனுக்கள்தான். 1993 டிசம்பரில் தொகுதி மேம்பாட்டு நிதி வந்த பிறகு மனுவின் முகம் மாறியது. தண்ணீர்த் தொட்டி, சமுதாயக் கூடம், பேருந்து நிழற்குடை என்று கேட்டு வந்தார்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டு ஒரு கடிதம்கூட வந்ததாக அவருக்கு நினைவில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் பாய் விரித்துப் படுத்த பிறகுதான் ரெமிங்டன் இயந்திரத்தைச் சமையலறை மேசைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி. கேள்வியைச் சுருக்கமாக எழுத வேண்டும், அபிப்பிராயம் கலக்கக் கூடாது, எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்று பார்த்துத் தேதி போட வேண்டும். ஒன்று பிசகினாலும் செயலகம் திருப்பிவிடும்.

சிவப்புக் கோடு போட்ட ஏழாவது கேள்வி பனையேறிகளைப் பற்றியது. மரத்திலிருந்து விழுந்து ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள், எத்தனை பேர் முடமாகிறார்கள், அவர்களுக்கு நிவாரணம் தரத் திட்டம் உண்டா?

அந்தக் கேள்வி பிறந்த இடம் அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஊருக்குப் போயிருந்த ஒரு சித்திரை மாதம், பதநீர்க் காலம். ஓலைக் குடிசைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தலைமாட்டில் சுவர் ஆணியில் அவருடைய அருவாப்பெட்டி தொங்கியது. பாளை சீவும் அரிவாள் உள்ளேயே இருந்தது, பிடி மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மினுங்கியது. தளைநாரைச் சுருட்டி அதன்மேல் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார். யாரோ ஏறி இறக்கிக் கொடுத்த பதநீர். அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவிடம், "மரம் யாருதும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"குத்தகை மரம் அண்ணாச்சி. நாங்கதான் பாட்டத்துக்கு எடுத்திருக்கோம்."

காரில் திரும்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, அந்தம்மா சொன்னதுலதான் எல்லாம் இருக்கு. டெல்லி போனதும் 1923 சட்டத்தை எடுத்து வை."

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் யாருக்கு இழப்பீடு உண்டு என்று வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியல் இருந்தது. அதில் பனைமரம் சீவும் தொழிலும் வந்தது. படித்துப் பார்த்தபோது இவருக்கு ஆச்சரியம், பிரச்சினை தீர்ந்தது என்றுகூடத் தோன்றியது. அண்ணாச்சி தலையசைத்தார். அந்தச் சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. பாட்டத்துக்கு மரம் எடுத்து ஏறுகிறவனுக்கு முதலாளி எங்கே இருக்கிறார்? கயிற்றுக் கட்டிலில் கிடந்தவர் சட்டத்தின் கண்ணுக்குத் தானே முதலாளி, தானே தொழிலாளி.

ஏழாவது கேள்விக்கு அன்று வாய்மொழிப் பதில் வரவில்லை, நேரம் ஆறாவதோடு முடிந்தது. அச்சில் வந்த பதில்: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசைமீது வைக்கப்படும். இந்த மாதிரிப் பதிலைப் படித்துவிட்டு மற்றவர்கள் தாளைக் கசக்கிப் போடுவார்கள். அண்ணாச்சிக்கு அதுவே பிடிமானம். அமைச்சர் அவையில் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு நாடாளுமன்றக் குழு இருக்கிறது, அது அமைச்சகத்தைக் கேட்கும். இதற்காகவே ஒரு நீள நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எந்த அமைச்சர் என்ன ஒப்புக்கொண்டார் என்று எழுதிவைப்பது இவருடைய வேலை. காலாவதித் தேதி நெருங்கினால் நினைவூட்டுக் கடிதம் போகும். பல மாதம் கழித்துப் பதில் வந்தது: அப்படியான புள்ளிவிவரம் மத்தியில் பராமரிக்கப்படவில்லை.

"அப்ப பராமரிக்கச் சொல்லிச் சட்டம் கொண்டுவருவோம்" என்றார் அண்ணாச்சி. தனிநபர் மசோதா என்ற பேச்சு அந்த வீட்டில் முதலில் எழுந்தது அன்றுதான்.

அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் சட்ட முன்வடிவு கொண்டுவரலாம். ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். ஏன் இந்தச் சட்டம் தேவை என்று நோக்கக் காரண விளக்கம் எழுதி உறுப்பினரே கையொப்பமிட வேண்டும். அரசுப் பணம் செலவாகும் என்றால் எவ்வளவு ஆகும் என்று நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும். அதோடு அரசியலமைப்பின் 117ஆம் பிரிவுப்படி, அவை அதை விவாதத்துக்கு எடுக்கக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையும் வந்திருக்க வேண்டும். அமைச்சருக்கு இதையெல்லாம் செய்துகொடுக்க ஒரு துறையே இருக்கிறது. பின்வரிசை உறுப்பினருக்கு ஒரு தட்டச்சரும் சமையலறை மேசையும்தான். செயலகத்தின் சட்டப் பிரிவில் ஓர் அதிகாரி பொறுமையாக உட்கார்ந்து வாசகங்களைத் திருத்திக் கொடுத்தார். 'பனையேறி' யார் என்ற வரையறையை மட்டும் அண்ணாச்சி யாரையும் தொடவிடவில்லை. சொந்த மரம், பாட்ட மரம், கூலிக்கு ஏறும் மரம் மூன்றும் அதில் இருந்தாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றார்.

அறிமுகம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு. மக்களவையில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கு உரியது. ஒரு வாரம் மசோதாக்கள், மறுவாரம் தீர்மானங்கள். அவைத்தலைவர் பெயர் சொன்னார். அண்ணாச்சி எழுந்து அறிமுகம் செய்ய அனுமதி கேட்டார். குரல் வாக்கு. அனுமதி கிடைத்தது. அறிமுகம் செய்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை. பார்வையாளர் மாடத்தில் இருந்த இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த ஒரு மனிதனின் பாடு எண் போட்ட சட்ட முன்வடிவாக அந்த மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டதல்லவா.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் உறுப்பினர்கள் மதியச் சாப்பாட்டோடு தொகுதிக்குக் கிளம்பிவிடுவார்கள், இரவுக்குள் வீட்டில் இருப்பார்கள். தமிழ்நாட்டு உறுப்பினர் அப்படிப் போக முடியாது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னைக்கே இரண்டு இரவு, அதற்குமேல் தூத்துக்குடி. ஞாயிறு போய்ச் சேர்ந்து ஞாயிறே திரும்ப வேண்டியிருக்கும். விமானத்தை நினைத்தபடி பிடிக்கும் பழக்கம் அப்போது வரவில்லை. அதனால் வெள்ளி மாலை அவையில் மிஞ்சும் முகங்களில் தெற்கத்தி முகங்கள் நிறைய இருக்கும். சில வெள்ளிகளில் ஐம்பத்தைந்து பேர்கூடத் தேறாது. பத்தில் ஒரு பங்கு இல்லை என்று யாராவது எழுந்து சுட்டிக்காட்டினால் மணி அடிக்கும். மைய மண்டபத்தில் காபியும் டோஸ்ட்டுமாக உட்கார்ந்திருப்பவர்களை உதவியாளர்கள் ஓடிப்போய் அழைத்து வருவார்கள். தேறவில்லையென்றால் அவை கலைந்துவிடும், அன்றைய மசோதா அடுத்த முறைக்குப் போய்விடும்.

அப்படிக் காத்திருந்த வேளைகளில்தான் அண்ணாச்சி பழைய கதைகளைச் சொல்வார். 1952 முதல் இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் பதினான்கே பதினான்கு. ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

அவருக்குப் பிடித்தமானது பெரோஸ் காந்தியுடையது. பிரதமர் நேருவின் மருமகன், ஆளுங்கட்சி உறுப்பினர், ஆனாலும் அரசைக் கேள்வி கேட்பதில் யாருக்கும் சளைக்காதவர். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிட்ட பத்திரிகைமீது அவதூறு வழக்குப் போடலாம் என்ற நிலை அன்று இருந்தது. 1956இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா பத்திரிகைகளுக்கு அந்தப் பாதுகாப்பைத் தந்தது. அடுத்த ஆண்டே முந்த்ரா பங்கு விவகாரத்தை அவர் அவையில் கிளப்பினார். அதனால் 1958இல் நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பத்திரிகைகளைக் காத்த அவருடைய சட்டத்தை நெருக்கடி நிலையில் 1976இல் ரத்து செய்தார்கள். 1977இல் புதிய ஆட்சி திரும்பக் கொண்டுவந்தது.

இன்னொன்று ஆனந்த் நாராயண் முல்லாவுடையது. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், உருதுக் கவிஞர், லக்னோவிலிருந்து சுயேச்சையாக வந்தவர். கீழ்க்கோர்ட் விடுதலை செய்த ஒருவரை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் குற்றவாளி என்று திருப்பி, ஆயுள் தண்டனையோ பத்தாண்டுக்குக் குறையாத தண்டனையோ விதித்தால், அவர் உரிமையோடு உச்சநீதிமன்றம் போகலாம். இது 1970இல் முல்லாவின் மசோதா கொடுத்த வழி. மாநிலங்களவையின் திவான் சமன்லால் கொண்டுவந்த திருத்தத்தை எழுத்தாளர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆபாசம் பற்றிய தண்டனைப் பிரிவில் கலைக்கும் இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் விலக்கு 1969இல் அதனால்தான் வந்தது.

தோற்ற மசோதாக்களையும் அண்ணாச்சி மதித்தார். வங்காளத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்தக் கோரிக்கைக்காக உண்ணாவிரதம் இருந்து 1956இல் சங்கரலிங்கனார் உயிர்விட்டிருந்தார். 1963இல் அந்த மசோதாவை ஆதரித்து அண்ணா பேசினார். பெயரை மாற்றி என்ன லாபம் என்று அவையில் கேள்வி வந்தபோது, நாடாளுமன்ற அவைகளுக்கு லோக் சபா, ராஜ்ய சபா என்று பெயர் வைத்து நீங்கள் என்ன லாபம் கண்டீர்கள் என்ற பொருளில் அண்ணா திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. 1967இல் அதே அண்ணா முதல்வராகச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற, 1969 பொங்கல் நாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சியின் குரல் ஏறும்.

இதற்கிடையில் அவருடைய சொந்த மசோதா குடியரசுத் தலைவரின் பரிந்துரைக்காகக் காத்துக் கிடந்தது. குலுக்கலில் இடம் கிடைத்தபோது பரிந்துரை வந்து சேரவில்லை. பரிந்துரை வந்தபோது முறை போயிருந்தது. மறுபடி குலுக்கல். ஒருவழியாக ஒரு கூட்டத்தொடரின் கடைசி வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு வந்தது. தமிழில் பேசப்போவதாக முன்கூட்டியே எழுதிக்கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர், பனையேறும் மனிதனின் படம் ஒன்று இருந்தால் காட்டுங்கள், பார்த்தால்தான் எனக்குப் பேச வரும் என்று கேட்டார். ஊரிலிருந்து வரவழைத்த படத்தை முதல்நாள் சாயங்காலம் இவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அண்ணாச்சி பதினெட்டு நிமிடம் பேசினார். நான்கு நிமிடக்காரருக்கு அது பெரிய சொத்து. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை ஏறி இறங்கும் கால்களைப் பற்றி, மார்புத் தோலில் விழும் காய்ப்பைப் பற்றி, கள்ளாக மாறாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவும் கவனத்தைப் பற்றிச் சொன்னார். கேரளத்து உறுப்பினர் ஒருவர் தென்னை ஏறுபவரையும் சேர்க்கச் சொன்னார். ஆந்திர உறுப்பினர் ஒருவர் தன் ஊர்க் கள் இறக்குபவர்களைப் பற்றிப் பேசினார். ஆறு மணி ஆயிற்று. விவாதம் முடியவில்லை, அடுத்த கூட்டத்தொடரில் தொடரும் என்றார்கள். சாயங்காலம் அவைச் செய்தியாளர்கள் தட்டச்சு செய்த பேச்சு திருத்தத்துக்கு வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஓர் ஊர்ப்பெயரின் எழுத்தை மட்டும் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்தொடருக்குள் ஆட்சி கவிழ்ந்தது. மக்களவை கலைந்தால் அதில் நிலுவையில் இருக்கும் மசோதாக்களும் சேர்ந்து காலாவதியாகும். அண்ணாச்சி மறுமுறை போட்டியிடவில்லை. நூலகத்தின் விவாதத் தொகுதியில் அந்தப் பதினெட்டு நிமிடம் இருக்கிறது.

பின்வரிசையின் வேலை சட்டம் கொண்டுவருவது மட்டுமல்ல. அரசு மசோதாவுக்குத் திருத்தம் கொடுப்பது அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத வேலை. மூன்றாம் பக்கம், பதினான்காம் வரி, 'தொண்ணூறு நாள்' என்பதற்குப் பதில் 'முப்பது நாள்'. இப்படி ஒரு வரித் திருத்தங்களை அண்ணாச்சி இரவோடிரவாக எழுதிக் காலையில் கொடுப்பார். பெரும்பாலும் குரல் வாக்கில் விழுந்துவிடும். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். நல்ல திருத்தம் என்று காதில் சொல்லும் எதிர்க்கட்சி நண்பர்களும் ஆளுங்கட்சி நண்பர்களும் கை தூக்கமாட்டார்கள். அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஆட்சியைக் கவிழ்க்காத சாதாரண மசோதாக்களிலாவது உறுப்பினரை அவர் அறிவுப்படி வாக்களிக்க விட்டிருக்கலாம் என்பது இவருடைய உறுதியான எண்ணம். அப்படி விடச் சொல்லி 2010இல் மணீஷ் திவாரி கொண்டுவந்ததும் ஒரு தனிநபர் மசோதாதான். அது நிறைவேறவில்லை.

ஓய்வுபெற்று ஊர் வந்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் அவையைப் பார்க்கும் வழக்கம் இவருக்கு விடவில்லை. 2015 ஏப்ரல் 24 ஒரு வெள்ளிக்கிழமை. மாநிலங்களவையில் திருச்சி சிவா, திருநர் உரிமைகளுக்காக முந்தைய டிசம்பரில் அறிமுகம் செய்த தனிநபர் மசோதாவை வாக்குக்கு விட வேண்டும் என்று நின்றார். அரசே முழுமையாகக் கொண்டுவரும், திரும்பப் பெறுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். இந்த வேண்டுகோள் வந்ததும் மசோதாவைத் திரும்பப் பெறுவதுதான் காலங்காலமான நடைமுறை. சிவா பெறவில்லை. அவை ஒருமனதாக நிறைவேற்றியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் மாநிலங்களவை நிறைவேற்றிய முதல் தனிநபர் மசோதா அது. தொலைக்காட்சி முன் இவர் எழுந்து நின்று கைதட்டினார், வீட்டில் எல்லாரும் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். மக்களவையில் அது சட்டமாகவில்லை. பின்னால் அரசு கொண்டுவந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு இல்லை. அந்த அரசு மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா கொண்டுவந்த தீர்மானமும் தோற்றது. ஆனாலும் பின்வரிசை மசோதா ஒன்று அரசைச் சட்டம் இயற்றியே தீர வேண்டிய இடத்துக்குத் தள்ளியது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

இப்போது கேள்விகளைக் கணினியிலேயே அனுப்பிவிடுகிறார்கள், நோட்டீஸுக்குப் பதினைந்து நாள் அவகாசம். 2023 செப்டம்பரிலிருந்து கூட்டம் புதிய கட்டடத்தில். அமளியிலும் ஒத்திவைப்பிலும் வெள்ளிக்கிழமைகள் வீணாவதைப் பார்க்கும்போது அவருக்குக் கோபம் வருகிறது. சட்டம் எழுத ஆசைப்படும் சாதாரண உறுப்பினருக்கு இருப்பது அந்த இரண்டரை மணி நேரம் ஒன்றுதான்.

அவருடைய ஊர்ப் பையன் ஒருவன் போன ஆண்டு டெல்லிக்குப் போனான். பட்டதாரி இளைஞர்களை ஏறத்தாழ ஓராண்டுக்கு எம்.பி.க்களோடு சேர்ந்து வேலை செய்ய அனுப்பும் லாம்ப் என்ற திட்டம் 2010இலிருந்து நடக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறான். ஓர் இரவு அவனிடமிருந்து போன் வந்தது. மீனவர் விபத்து இழப்பீடு பற்றி ஒரு தனிநபர் மசோதா எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டான்.

"இருக்கிற சட்டத்துல யாரு விட்டுப்போயிருக்கான்னு முதல்ல பாரு. சொந்தப் படகுல போறவன் வரானா, பங்குக்குப் போறவன் வரானா? ஊருக்கு வந்து நாலு பேர்கிட்ட கேளு, புத்தகத்துல கிடைக்காது. நிதிக் குறிப்பைக் கடைசிக்கு வைக்காதே. அறிமுகம் ஆன அன்னைக்கே குடியரசுத் தலைவர் பரிந்துரைக்கு எழுதிப் போட்டுரு, தம்பி. ஒருநாள்கூடத் தள்ளாதே."

எழுதிக்கொள்ளப் பேனா எடுத்து வருகிறேன், வைத்துவிடாதீர்கள் என்றான் பையன். அவர் காத்திருந்தார். பிறகு இரண்டாம் பிரிவில் வரையறையை எப்படி அமைப்பது என்று சொல்லத் தொடங்கினார்.